உண்ணிக் காய்ச்சல்: 6 நாளில் நாய் தேறிடுச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?

வைகை_லேப்
வணக்கம். 4 வயசு ஆண் லேப்ரடார், 28 கிலோ. போன வாரம் சாப்பாட்டைத் தொடலை, 104 டிகிரி காய்ச்சல், பிளேட்லெட் 62,000. கிட் டெஸ்ட்ல எர்லிக்கியா (உண்ணி பரப்புற கிருமி) பாசிட்டிவ். டாக்சிசைக்ளின் 100 மி.கி. மாத்திரை காலைல ஒன்றரை, ராத்திரி ஒன்றரை, மொத்தம் 28 நாள். கூட இரும்புச்சத்து டானிக். இன்னிக்கு 6-ஆம் நாள். காய்ச்சல் இல்லை, பழையபடி கேட்டுக்கிட்ட நின்னு குலைக்கிறான். ஆனா மாத்திரையைத் தயிர்சாத உருண்டைல வச்சுக் கொடுத்தாலும் பாதி நாள் வாந்தி. தேறிட்டான்ல, நிறுத்திடலாமா?

இன்னொண்ணு, எவ்வளவு பொறுக்கினாலும் நாலே நாள்ல உண்ணி மறுபடி ஏறுது. வராண்டா சுவர்லயே ஊருது. மண்ணெண்ணெய் தேய்க்கச் சொல்றாங்க. மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தும் வீட்ல இருக்கு. ஊத்தலாமா? பூனை ஒண்ணும் வளர்க்கிறோம்.

மருந்துச்சீட்டு
நிறுத்தாதீங்க. டாக்சி (டாக்சிசைக்ளின்) ஆரம்பிச்சா ஒண்ணு ரெண்டு நாள்லயே காய்ச்சல் இறங்கிடும், நாய் துள்ள ஆரம்பிச்சிடும். மருந்து பிடிச்சிருக்குன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். எர்லிக்கியா வெள்ளையணுக்குள்ளயே குடியிருக்கிற கிருமி. பாதியில விட்டா வெளியே ஒண்ணும் காட்டாம மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குலகூட உள்ளே கிடக்கும். அப்புறம் சில நாய்களுக்கு எலும்பு மஜ்ஜையே படுத்துப்போய் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூணும் சேர்ந்து சரியும். அந்தக் கட்டத்துல டாக்சி கொடுத்தாலும் பெருசா பலன் இருக்காது.

அளவு சரியாத்தான் இருக்கு. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 மி.கி. கணக்கு, 28 கிலோவுக்கு 280, உங்களுக்கு எழுதினது 300.

தப்பு தயிர்சாதத்துல இருக்கு. நம்ம ஊர்ல நாய்க்கு மாத்திரைன்னாலே தயிர்சாதம்தான், ஆனா பால், தயிர், பனீர்ல இருக்கிற கால்சியம் டாக்சியைக் கட்டிப்போட்டுடும், ரத்தத்துல ஏறுறது குறையும். இரும்பு டானிக் அதைவிட மோசம். டாக்சியையும் டானிக்கையும் ஒரே நேரத்துல கொடுக்காதீங்க. டாக்சி காலை 8 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கும்னா, டானிக் மத்தியானம் 1 மணிக்கு. வயித்துப்புண்ணுக்கு சுக்ரால்ஃபேட் எழுதியிருந்தா அதுக்கும் இதே கதை: டாக்சி முதல்ல, ரெண்டு மணி நேரம் கழிச்சு அது.

வாந்திக்கு: வெறும் வயித்துல கூடவே கூடாது. பாதி சாப்பாடு போட்டு, நடுவுல மாத்திரையை வேகவச்ச கோழித்துண்டுலயோ இட்லியிலயோ பொதிஞ்சு கொடுத்து, மீதியைப் போடுங்க. கடைசியில ஊசி இல்லாத சிரிஞ்சால கடைவாய் ஓரமா 10 மி.லி. தண்ணி. மாத்திரை உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டா அங்கே புண் வரும். கொடுத்த அரை மணி நேரத்துக்குள்ள மாத்திரையோட வாந்தி எடுத்தா, நீங்களா இன்னொண்ணு கொடுக்காம டாக்டருக்கு போன் பண்ணுங்க.

செங்கல்_இடுக்கு
உண்ணி விஷயத்துக்கு வர்றேன். நாய் மேல நீங்க பார்க்கிறது கொஞ்சம், மிச்சமெல்லாம் சுவருக்குள்ள இருக்கு. பழுப்பு நாய் உண்ணி ஒவ்வொரு பருவத்துலயும் ரத்தம் குடிச்சிட்டு நாயை விட்டு இறங்கி, இடுக்குல போய்ச் சட்டை உரிச்சு, திரும்ப ஏறும். வயிறு புடைச்ச பெட்டை சுவர் வெடிப்புல ஆயிரக்கணக்குல முட்டை போடும். பசியோட மாசக்கணக்குல காத்திருக்கவும் செய்யும். குளிப்பாட்டுறதால மட்டும் தீராது.

வராண்டாவுல தரையும் சுவரும் சேர்ற மூலை, கதவு நிலைக்குப் பின்னால, ஜன்னல் சட்டம், கூரை விளிம்பு (இது மேலே ஏறும் சாதி) எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. வெடிப்பைச் சிமெண்டாலயோ பட்டியாலயோ அடைங்க. நாய் படுக்கிற சாக்கு, மிதியடியைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுங்க. கயிற்றுக் கட்டில்னா தூக்கிப் போடுறது உத்தமம். சுவருக்கு மருந்து அடிக்கிறதுன்னா பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளை வச்சு அடிங்க, காயுற வரைக்கும் நாயும் பூனையும் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஒரு தடவை அடிச்சா முட்டை சாகாது, ரெண்டு வாரத்துக்கு ஒருக்க மூணு தடவையாவது வேணும்.

நாய்க்கு மாத்திரை: அஃபாக்சோலனர் மாசம் ஒண்ணு, ஃப்ளூராலனர் 12 வாரத்துக்கு ஒண்ணு, எடைக்கு ஏத்த அளவு. முன்னாடி வலிப்பு வந்த நாய்னா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. உண்ணி கடிச்ச பிறகுதான் சாகும், அதனால நாய் மேல ஒண்ணு ரெண்டு தெரிஞ்சா மருந்து வேலை செய்யலைன்னு நினைக்காதீங்க. இதைச் சில மாசம் விடாம கொடுத்தா, சுவர்ல இருந்து ஏறுறதெல்லாம் நாய் மேலயே செத்து ஓயும்.

மண்ணெண்ணெய் தோலைச் சுட்டுடும், நக்கினா நுரையீரலுக்குப் போகும். மாட்டு மருந்து கெட்டியான சரக்கு. மூடிக்கணக்குல கலந்து ஊத்தி எச்சில் வடிஞ்சு, நடுங்கி, வலிப்புல கொண்டு வர்ற நாய்கள் நிறைய. அது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகையா இருந்தா பூனைக்கு எமன். நாய் மேல ஊத்தி, பூனை அதோட ஒட்டிப் படுத்தாலே போதும்.

பொறுக்கும்போது இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, சோப்புத் தண்ணியில போடுங்க. விரலால நசுக்காதீங்க. காதுக்குள்ள, விரல் இடுக்கு, வாலடி மூணையும் விட்டுடாதீங்க.

பப்பாளித்தோப்பு
பப்பாளி இலைச் சாறு 10 மி.லி. கொடுங்க, பிளேட்லெட் ஏறும்.

மருந்துச்சீட்டு
கிருமியைக் கொல்றது டாக்சிதான். பிளேட்லெட் தானா ஏறும். ஏற்கனவே வாந்தி எடுக்கிற நாய்க்குக் கசப்புச் சாறு ஊத்தினா மாத்திரையும் வெளியே வந்துடும். இன்னொண்ணு, மிஷின் சொல்ற எண்ணிக்கையை அப்படியே நம்பாதீங்க. ரத்தம் எடுக்கும்போது பிளேட்லெட் கட்டிகட்டியா சேர்ந்தா மிஷின் குறைச்சுக் காட்டும். கண்ணாடித் தகட்டுல ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்ல பார்க்கச் (ஸ்மியர்) சொல்லுங்க, பேபீசியா (உண்ணி பரப்புற இன்னொரு கிருமி) இருந்தாலும் அதுல தெரிய வாய்ப்பு உண்டு. 28 நாள் முடிஞ்சதும் ரத்த எண்ணிக்கை பாருங்க. கிட் டெஸ்ட் வேண்டாம், நோய் போன பிறகும் மாசக்கணக்குல பாசிட்டிவ் காட்டிப் பயமுறுத்தும்.

வைகை_லேப்
நன்றி. தயிரை இன்னியோட நிறுத்திட்டேன். திரும்பக் காய்ச்சல் அடிச்சா ராத்திரி நேரத்துல பாராசிட்டமால் கொடுக்கலாமா?

மருந்துச்சீட்டு
வேண்டாம். கல்லீரலையும் சிவப்பணுவையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் அதைவிட ஆபத்து, பிளேட்லெட் குறைஞ்ச நாய்க்கு வயித்துக்குள்ள ரத்தம் கசியும். தெர்மாமீட்டர் முனையில வாசலின் தடவி ஆசனவாய்ல ஒரு அங்குலம் வச்சுப் பாருங்க. 101 முதல் 102.5 வரைக்கும் இயல்பு. 104 தாண்டினா ஈரத்துணியால அடிவயிறு, பாதத்தைத் துடைங்க, 103 வந்ததும் நிறுத்துங்க. ஐஸ் வேண்டாம்.

ஈறு வெளிறியோ மஞ்சளாவோ இருந்தா, மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்துல போனா, மூக்குல ரத்தம், தார் மாதிரி கருப்பு மலம், காது மடல் உள்பக்கமோ அடிவயித்துலயோ சிவப்புப் புள்ளி, இதுல எது இருந்தாலும் விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. மூத்திர நிறம் மாறினா பேபீசியாவும் சேர்ந்திருக்கலாம், அதுக்கு டாக்சி மட்டும் போதாது, வேற மருந்து வேணும்.