‘டு’ எங்கே போடுவது, எங்கே விடுவது?

கேள்வி:
தமிழில் ‘க்கு’ வந்தால் ஆங்கிலத்தில் ‘டு’ போட்டுவிடு என்று யாரோ சொன்னதை நம்பியே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். ‘ஐ வென்ட் டு ஸ்கூல்’ சரி. ஆனால் நேற்று ஒரு மெயிலில் ‘ஐ வென்ட் டு ஹோம்’, ‘ஐ ரீச்டு டு தி ஏர்போர்ட்’ என்று எழுதப்போய், மேலாளர் இரண்டு ‘டு’வையும் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார், காரணம் கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்கிறார். புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1:
ஹோம், ஹியர், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் இதற்கெல்லாம் ‘டு’ வராது. மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

பதில் 2:
மனப்பாடமே வேண்டாம். ‘மேலே போனேன்’, ‘அங்கே போனேன்’ என்கிறோம், ‘மேலேக்குப் போனேன்’ என்று யாராவது சொல்வோமா? திசை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, ‘ஹோம்’ அந்த ரகம். பழைய ஆங்கிலத்திலேயே அது தனியாக நின்று ‘வீட்டுக்கு’ என்று பொருள் தந்திருக்கிறது, அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. ஆனால் நண்பர் வீடு என்றால் அது சாதாரணப் பெயர்ச்சொல், ‘டு மை ஃப்ரெண்ட்ஸ் ஹோம்’ என்று ‘டு’ வந்தே ஆகவேண்டும்.

கேட்டவர்:
அப்படியானால் ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ மட்டும் எப்படி?

பதில் 2:
நல்ல கேள்வி. ‘மேலேயிருந்து’, ‘அங்கேயிருந்து’ என்று நாமும் சொல்கிறோமே! ‘க்கு’ ஒட்டாத சொல்லோடு ‘இருந்து’ ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் ‘ஃப்ரம் தேர்’ சரி, ‘டு தேர்’ தப்பு. அப்புறம் அந்த ‘ரீச்’. அதை ‘போய்ச் சேர்’ என்று நினைத்தால் ‘க்கு’ வந்து கெடுத்துவிடும், ‘அடை’ என்று நினையுங்கள்: ஏர்போர்ட்டை அடைந்தேன். ‘க்கு’ இல்லை, ‘டு’வும் இல்லை.

பதில் 3:
இந்தத் தமிழ்க் கணக்கை ரொம்ப நம்பாதீர்கள். அறைக்குள் நுழைந்தேன் என்கிறோம், அங்கே ‘என்டர்டு தி ரூம்’ மட்டும்தான். ‘அரைவ்’ இன்னொரு தொல்லை, ‘அட்’ அல்லது ‘இன்’ கேட்கும், ‘டு’வைச் சேர்க்காது. இன்னொன்று, ‘வாக்டு டு தி டோர்’ என்றால் கதவுவரை போயாகிவிட்டது, ‘டுவர்ட்ஸ்’ என்றால் கதவை நோக்கி நடந்தான், போய்ச் சேர்ந்தானா என்பது நமக்குத் தெரியாது.

கேட்டவர்:
‘மேலேக்கு’ உதாரணம் பிடிபட்டுவிட்டது, நன்றி. இப்போதுதான் ‘ஐ வில் கம் டு தேர்’ என்று ஒரு மெயில் அடித்து வைத்திருந்தேன், இன்னும் அனுப்பவில்லை.