வார் பின்னலுக்கு அடியில் ஓரம் தேய்க்க வேண்டுமா?

பழைய_குத்தூசி:
"ஓரத் துளைகளில் மெல்லிய தோல் வார் கோத்துப் பின்னும் தோல் பைக்கு ஓரம் தேய்க்கத் தேவையில்லை, பின்னலே மறைத்துவிடும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருபது வருடமாகப் பை செய்கிறேன். ஓரத்தின் கூர்முனையைச் சீவி, ஈரம் தொட்டு, டிராககாந்த் என்ற செடிப் பிசின் தடவி, மரக்கட்டையால் மினுமினுப்பு வரும்வரை தேய்த்த பிறகுதான் துளையே போடுவேன். நம் ஊர் மழைக்குத் தேய்க்காத ஓரம் தண்ணீரை உறிஞ்சும். அப்புறம் பூசணம்தான்.

செம்பனை_தம்பி:
எழுதியது நான்தான் அண்ணே. என் பின்னலில் ஓரம் ஒரு நூல் அளவுகூட வெளியே தெரியாது. தெரியாத இடத்தைத் தேய்த்து அரை நாள் போக்குவது எதற்கு? பின்னி முடித்து மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டினால் வார் படிந்துவிடும். வேலை முடிந்தது.

பழைய_குத்தூசி:
தண்ணீருக்கு என்ன கண்ணா இருக்கிறது, தெரியும் இடமாகப் பார்த்து நுழைய? என் பையில் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே ஓரம் தெரியத்தான் செய்யும். அதைத் தேய்க்காமல் கொடுத்தால் வாங்குகிறவர் முகத்தில் எப்படி விழிப்பது?

லயத்து_அக்கா:
இரண்டு பேரும் ஒரே பின்னலைத்தான் சொல்கிறீர்களா? அண்ணன் சொல்வது சாதாரணச் சுற்றுப் பின்னல் போல இருக்கிறது. ஓரத்தின் நீளத்தைப் போல் சுமார் 3.5 மடங்கு வார் போதும், இடைவெளி தெரியும். தம்பி செய்வது இரட்டைக் கண்ணிப் பின்னல். அது 8.5 மடங்கு வரை வார் இழுக்கும், ஓரத்தை முழுக்க மூடிவிடும்.

செம்பனை_தம்பி:
எந்தப் பின்னலாக இருந்தால் என்ன அக்கா? தேய்க்க வேண்டாம் என்றால் வேண்டாம்.

பழைய_குத்தூசி:
எந்தப் பின்னலானாலும் தேய்க்க வேண்டும். உண்மைக் காரணத்தை நான் சொல்கிறேன். தம்பி வாங்குவது குரோம் தோல், குரோமிய உப்பில் பதனிட்டது. அதன் ஓரம் எவ்வளவு தேய்த்தாலும் சரியாக மினுங்காது, சாயம்தான் பூச வேண்டும். தன்னால் முடியாததை ஊருக்கே வேண்டாம் என்கிறார். என் தோல் மரப்பட்டையில் பதனிட்டது. என் தாத்தா வாணியம்பாடிப் பக்கம், ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட மண்.

செம்பனை_தம்பி:
தாத்தாவை இழுக்காதீர்கள். என் தாத்தா நாற்பது வருடம் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார், அதற்காக எனக்கு மரம் வெட்டத் தெரியும் என்று நான் சொல்லித் திரியவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் என்னிடம் வாங்கிய இரண்டு சுருள் கங்காருத் தோல் வார் எங்கே? அதைப் பேசுங்கள் முதலில்.

பழைய_குத்தூசி:
அதைப் பேசலாம். நாலு மீட்டர் வாரை ஒரே இழுப்பாக இழுத்து, பாதியில் அது நைந்துபோய் என் வாசலில் வந்து நின்றவன் நீ. துளை வழியாக இழுக்க இழுக்க வார் தேயும், இரண்டு மீட்டருக்கு மேல் எடுக்காதே என்றேன். வார் தீர்ந்ததும் புது வாரோடு சேர்க்க, ஒரு நுனியில் மேல்பக்கத்தையும் மற்றதில் அடிப்பக்கத்தையும் அரை அங்குலம் சீவி, ஒட்டிக் காயவிட்டுப் பின்னு என்று உட்கார்ந்து காட்டியது யார்? அதற்கு நான் ஒரு வெள்ளி காசு (ரிங்கிட்) கேட்டேனா?

ஈப்போ_தையல்:
இந்த வார் வேலையே வேண்டாம் என்பேன். ஒரே நூலில் இரண்டு ஊசி கோத்து இரண்டு பக்கமும் மாற்றித் தையுங்கள். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை நிற்கும். ஓரமும் திறந்திருக்கும், ஆசை தீரத் தேய்க்கலாம்.

பழைய_குத்தூசி:
நூலைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஓரம் தேய்க்க வேண்டும் என்று நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள், நன்றி.

ஈப்போ_தையல்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

செம்பனை_தம்பி:
நாளை இரவுச் சந்தைக்கு என் பை வருகிறது. ஓரம் தேய்க்காதது. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

பழைய_குத்தூசி:
ஒரு நாள் ஊற்றினால் என்ன தெரியும்? நவம்பர் மழை முழுக்க அலமாரியில் வைத்துவிட்டு எடுத்து மோந்து பார். ஓரம் தேய்க்க வேண்டும்.

செம்பனை_தம்பி:
வேண்டாம். என் இரண்டு சுருள் வார் எங்கே?