‘ஆக்சஸ் பாயின்ட்’ என்பதற்கு ‘அலைமடை’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

வீட்டுப் பிணைய (நெட்வொர்க்) வழிகாட்டிக்கான சொற்களில் ரூட்டருக்குத் ‘திசைவி’, வைஃபைக்கு ‘அருகலை’ என்பவற்றில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. கேபிளில் வரும் இணைப்பை அருகலையாகப் பரப்பும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ கருவிக்கு முந்தைய மடலில் தரப்பட்ட ‘அணுகுபுள்ளி’ மட்டும் கருவியின் வேலையைச் சொல்லவில்லை என்பதால் வேறொரு சொல்லை முன்வைக்கிறேன்.

தனிப்பெயர் ஏன் தேவை என்பது மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்துப் பழைய வீடுகளில் தெரியும். தடித்த வெட்டுகல் சுவர்கள் இரண்டைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பெரிதும் நலிந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆகவே மாடிக்கு ஈதர்நெட் கேபிள் இழுத்து, அதன் முனையில் பழைய ரூட்டர் ஒன்றை மாட்டுகிறார்கள். அதையும் ‘ரூட்டர்’ என்றே அழைப்பதால், திசைவியாகவே இயங்கவும் விட்டுவிடுகிறார்கள். வெளியிணைப்புக்கான ‘வான்’ துளையில் கேபிளைச் செருகினால் வீட்டுக்குள் இரண்டு பிணையங்கள் உருவாகி, கீழறைக் கணினிக்கு மாடியிலுள்ள பிரிண்டர் தெரியாமல் போகும். வீட்டுக் கருவிகளுக்கான ‘லேன்’ துளையில் செருகிவிட்டு, கருவிகளுக்குப் பிணைய முகவரி வழங்கும் டிஹெச்சிபியை நிறுத்த மறந்தாலோ, இரண்டு பெட்டிகளும் முகவரி வழங்கத் தொடங்க, சில கைப்பேசிகள் மாடிப் பெட்டியையே இணையத்துக்குச் செல்லும் நுழைவாயிலாக (கேட்வே) எடுத்துக்கொண்டு, அருகலைக் குறி முழுதாக இருந்தும் இணையமின்றி நிற்கும். மாடிப் பெட்டி முகவரி வழங்கவோ திசை காட்டவோ கூடாது. கேபிளில் வருவதை அலையாகப் பரப்பினால் போதும்.

நாஞ்சில் நாட்டு வயலில் மடை செய்வதும் இதுவே. எந்தக் காலில் (வாய்க்காலில்) எவ்வளவு தண்ணீர் என்று மடை முடிவு செய்வதில்லை. கால்வழி வந்து சேர்ந்ததை வயலுக்குள் திறந்துவிடுகிறது. எனவே ‘அலைமடை’.

மடையில் நீர் ஒருவழியாகவே பாயும், இங்கோ தரவு இருவழியும் செல்கிறது என்ற மறுப்பு எழலாம். நியாயமான மறுப்புதான், ஆயினும் கருவியின் எல்லா இயல்பையும் ஒரு சொல்லே சுமக்க வேண்டியதில்லை. ‘அலைவாய்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஓசை இனிது, கடற்கரைக்காரர்களுக்கு நெருக்கமானதும்கூட. ஆனால் கேட்வேயை ‘நுழைவாயில்’ என்று வழங்கும்போது, நாம் பிரிக்க முயலும் திசைவி, ஆக்சஸ் பாயின்ட் இரண்டையும் அது மீண்டும் கலந்துவிடும்.

‘அலைமடை’யில் இன்னொரு வசதியும் உண்டு. ரிப்பீட்டர் கேபிளின்றி அலையை வாங்கி அலையாகவே திருப்பி அனுப்புவது. ஒரே அலைவரிசையில் இரண்டையும் செய்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். கால் வந்து சேராத இடத்தில் மடை இல்லை என்பதால் ரிப்பீட்டரை ‘அலைமடை’ என்று யாரும் அழைக்கமாட்டார்கள். அதற்கு ‘மீளலைப்பி’ பொருந்துமா என்று அன்பர்கள் சொல்ல வேண்டும்.

மறுப்பு இல்லையெனில், வழிகாட்டிப் படத்தில் கீழ்ப்பெட்டியைத் ‘திசைவி, 192.168.1.1’ என்றும், மேற்பெட்டியை ‘மாடி அலைமடை, 192.168.1.2, டிஹெச்சிபி நிறுத்தம்’ என்றும் குறித்துவிடலாம்.