ஒரே விலை, ரெண்டு செட்டு

நான்: ஒரு கேள்வி. திருகோணமலை டவுணுக்குள்ள கிட்டக்கிட்ட ரெண்டு பெற்றோல் செட்டு. ஒண்டில ஓட்டோ லைன் வீதி வரைக்கும் நிக்குது. மற்றதில அடிக்கிற பொடியன் சும்மா கதிரையில இருக்கிறான். விலை ரெண்டிலயும் ஒண்டுதான். ஏன் இப்பிடி?

தம்பி: நானும் என்ட ஓட்டோவோட அந்த லைனிலதான் நிக்கிறனான்.

தம்பி: மீற்றர் பூச்சியத்துக்கு வந்ததைக் காட்டிப்போட்டுத்தான் அங்க அடிப்பாங்கள். 1000 ரூபாய்க்கு அடிச்சா எவ்வளவு தூரம் ஓடும் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே. ஒருக்கால் குறைஞ்சாலும் அண்டைக்குப் பின்னேரமே ஓட்டோ ஸ்ராண்ட் முழுக்கக் கதை போயிடும்.

அக்கா: எனக்கு எந்தப் பக்கம் எண்டதுதான் முக்கியம். காலமை தம்பலகாமம் பள்ளிக்கூடத்துக்குப் போகேக்க இடக்கைப் பக்கம் இருக்கிற செட்டுக்குத்தான் திருப்புவன். பஸ்ஸும் டிப்பரும் வாற நேரம் ஸ்கூட்டியை வலப்பக்கம் வெட்டி எடுக்கப் பயம்.

அக்கா: இன்னொண்டு. பொம்பிளையள் தனியப் போனா மரியாதையாக் கதைக்கவேணும், இரவில நல்ல வெளிச்சம் இருக்கவேணும். ஒரு இடத்தில தேவையில்லாத கேள்வி கேட்டாங்கள், அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கிறேல்ல.

அத்தான்: எங்கட கணக்கு வேற. திருக்கடலூர்க் கரையில மண்ணெண்ணெயில ஓடுற மீன்பிடி வள்ளம் வச்சிருக்கிறவனுக்கு மண்ணெண்ணெய் பம்ப் உள்ள செட்டுத்தான் செட்டு. எல்லாத்திலயும் மண்ணெண்ணெய் இல்ல. 2022 ஓகஸ்டில 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340 ஆக்கினாங்கள். அண்டையில இருந்து ஒவ்வொரு லீற்றரையும் கண்ணால பாத்துத்தான் வாங்குறம்.

நான்: மாமா, செட்டுகளுக்கு எண்ணெய் ஏத்துற பவுசர் லொறி ஓடின ஆள் நீங்கதானே. எண்ணெயில வித்தியாசம் இருக்கா?

பெரியமாமா: பிள்ளை, கொம்பனிக்குக் கொம்பனி போர்டில பெயரும் நிறமும் மாறும். 2003இல இந்தியக் கொம்பனி லங்கா ஐஓசி வந்தது, 2023இல சீனக் கொம்பனி சினோபெக் வந்தது. சினோபெக் வந்த புதுசில லீற்றருக்கு 3 ரூபாய் குறைச்சுக் குடுத்துப் பாத்தது. இப்ப மாத முடிவில விலை மாறினா கிட்டத்தட்ட எல்லாரும் சேர்ந்தே மாறீனம். அப்ப சனம் விலையைப் பாத்து எப்பிடித் தெரிவு செய்யிறது? செட்டை நடத்துற ஆளைத்தான் பாக்குது.

பெரியமாமா: மாரி மழைக்குள்ள ஒண்டைக் கவனியுங்கோ. நிலத்துக்குக் கீழ இருக்கிற தாங்கிக்குள்ள தண்ணி போனா அடியில நிக்கும், பெற்றோலை விடத் தண்ணி பாரம். அளவுக் கம்பியில ஒரு பசை பூசி இறக்கினா, தண்ணி நிக்கிற உயரத்துக்கு நிறம் மாறும். நல்ல முதலாளி மழை காலத்தில காலமை காலமை இதைப் பாப்பான். பாக்காதவன்ட செட்டில அடிச்ச வாகனம் இழுத்து இழுத்து நிக்கும். பெரிய வெள்ளம் வந்தா ரெண்டு நாள் பொறுத்து அடிக்கிறது நல்லம்.

சித்தி: விடியக் குளிருக்குள்ள அடிச்சா கூட வருமாமே?

பெரியமாமா: அது பெரிய லாபம் இல்ல தங்கச்சி. தாங்கி மண்ணுக்குள்ள இருக்கிறதால பகலும் இரவும் சூடு பெருசா மாறாது. ஒரு பாகை மாறினாலும் 5 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் வித்தியாசம். அதுக்காக நித்திரையைக் கெடுக்காத.

தம்பி: நான் லைனில நிக்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2022 எண்ணெய்த் தட்டுப்பாடு.

தம்பி: ஜூன் கடைசியில 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறினது. அதோட அரசாங்க செட்டுகளில அத்தியாவசிய சேவைக்கு மட்டும் எண்டு சொல்லிப்போட்டாங்கள். ஐஓசியில மட்டும்தான் மற்றச் சனத்துக்குக் குடுத்தது. எங்கட ஊர் சீனக்குடா எண்ணெய்த் தாங்கியில இருந்து பவுசர் வெளியூருக்குப் போறதைப் பாத்துக்கொண்டு நாங்கள் வீதியில படுத்தம்.

பெரியமாமா: ஓம். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கு.

தம்பி: அப்ப ஒரு செட்டில இரவில பின்பக்கத்தால தெரிஞ்ச ஆக்களுக்குக் கானில குடுத்தாங்கள். லைனில நிண்ட நாங்கள் கண்ணால கண்டம். இப்ப நான் அடிக்கிற செட்டில முதலாளி வெளியில வந்து ஓட்டோ நம்பரை எழுதி எழுதித் துண்டு குடுத்தார். பவுசர் வராத நாளில "இண்டைக்கு வராது தம்பியவை, வீட்ட போய்ப் படுங்கோ" எண்டு நேர சொன்னார். கியூஆர் கோட் பங்கீடு வந்து ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் குடுக்கேக்கயும் ஒரு சொட்டுக் குறைக்கேல்ல.

அத்தான்: ஓம் மச்சான். கரையில உள்ள ஆக்களும் அந்த ஆளைப் பற்றி இப்பிடித்தான் சொல்லுறவை.

நான்: அப்ப மற்றச் செட்டில இப்பவும் அந்த முதலாளியோ?

தம்பி: இல்லையாம், கை மாறிட்டுதாம். ஆனாலும் எனக்கு அங்க திருப்ப மனம் வரேல்ல.

பெரியமாமா: புது ஆள் எண்டா ஒருக்கால் போய்ப் பார் தம்பி. பழைய ஆள் செய்ததுக்கு அவன் என்ன செய்வான். சந்தேகம் எண்டா 5 லீற்றர் அளவுக் கானில அடிச்சுக் காட்டச் சொல்லு. முகம் சுளிக்காமக் காட்டினா நல்லவன்.

தம்பி: பாப்பம் மாமா.

அக்கா: மாமா, ஸ்கூட்டிக்கு 95 அடிச்சா நல்லமோ? நான் போற செட்டில அடிக்கிற பொடியன் ஒவ்வொரு நாளும் கேக்கிறான்.

பெரியமாமா: வேண்டாம் பிள்ளை. கொம்பனி தந்த புத்தகத்தைப் பார், 92 போதும் எண்டு இருந்தா 95க்குக் குடுக்கிற காசு வீண். இஞ்சின் அதுக்கேத்த மாதிரிச் செய்திருந்தாத்தான் 95இல பிரயோசனம்.

தம்பி: அக்கா, உங்கட பின் ரயரில காத்துக் குறைவு, நேற்றுக் கண்டனான். எங்கட செட்டில காத்தடிக்கிற மெசின் வேலை செய்யுது. நாளைக்கு ஆறரைக்கு முதல் வாங்கோ, பிறகு லைன் வந்திடும்.

அக்கா: அது வலக்கைப் பக்கம் எல்லோ?

தம்பி: அந்த நேரம் டிப்பர் இல்ல. நான் வீதியில நிண்டு மறிச்சு விடுறன், வாங்கோ.