கார் மோதி முழங்கால் மடங்காத டைல்ஸ் மேஸ்திரி: சதவீதத்துக்கு ஐயாயிரம் என்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா?

நொய்யல்கரை:
வணக்கம்ங்க. என் தம்பிக்கு வயது 34. திருப்பூர் பக்கம் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. போன வருடம் பைக்கில் போனபோது பின்னால் வந்த கார் இடித்து வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். நடக்கிறான், ஆனால் கால் பாதிக்கு மேல் மடங்காது. மருத்துவக் குழு அந்தக் காலுக்கு 35% ஊனம் என்று சர்டிபிகேட் கொடுத்திருக்கிறது. கேஸ் நடக்கிறது. இப்போது இன்சூரன்ஸ் தரப்பில், சதவீதத்துக்கு 5,000 வீதம் 1,75,000, ஆஸ்பத்திரிச் செலவு தனி, லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தம்பிக்குச் சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. இது சரியான தொகைதானா?

குமாஸ்தா:
அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். லோக் அதாலத்தில் ஒத்துக்கொண்டு முடித்துவிட்டால் அப்பீல் கிடையாது.

சதவீதத்துக்கு இவ்வளவு என்பது, உடம்பில் குறை இருந்தும் பிழைப்பு பெரிதாகப் பாதிக்காதவர்களுக்குப் போடுகிற கணக்கு. தரையில் குந்தி உட்கார்ந்து சம்பாதிப்பவருக்கு மல்டிப்ளையர் கணக்கைத்தான் (வருட வருமானத்தை வயதுக்கேற்ற மடங்கால் பெருக்கி, அதில் திறன் இழப்பு சதவீதத்தை எடுப்பது) கேட்க வேண்டும். சர்டிபிகேட்டில் உள்ள ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறன் குறைவது வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இடது கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட முழு இழப்பு. அதே கையை இழந்த அரசு குமாஸ்தாவுக்கு வேலை அப்படியே இருக்கலாம். (உதாரணத்துக்கு எங்கள் ஆளைத்தான் இழுத்திருக்கிறார்கள்!)

மாத வருமானம் 15,000 என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில்காரர் என்பதால், 2017 பிரணய் சேத்தி தீர்ப்புப்படி வருங்கால உயர்வுக்கு 40% சேர்த்தால் 21,000. வருடத்துக்கு 2,52,000. 31 முதல் 35 வயதுக்கு உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பில் உள்ள அட்டவணைப்படி 16 மடங்கு, ஆக 40,32,000. திறன் இழப்பு 35% என்றால் 14,11,200. 50% என்றால் 20,16,000. இறப்பு வழக்கு மாதிரி சொந்தச் செலவுக்கு என்று இதில் கழிக்கக் கூடாது.

ஓவர்லாக்:
கணக்கு சரி, ஆனால் 35% அப்படியே கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அது ஒரு காலுக்கு மட்டும் உள்ள ஊனம், உடம்பு முழுவதற்கும் பார்த்தால் குறைவுதான் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அப்புறம் குறுக்கு விசாரணையில், "சுவர் டைல்ஸ் நின்றுகொண்டே ஒட்டலாமே?" என்று கட்டாயம் கேட்பார்கள்.

நொய்யல்கரை:
சுவரிலும் கீழ் வரிசைகளை உட்கார்ந்துதான் ஒட்ட வேண்டும்ங்க. பாத்ரூம் தரைக்கு வாட்டம் பார்ப்பது முழுக்க உட்கார்ந்த வேலை, கூலி கூடக் கிடைப்பதும் அதில்தான். இப்போது கலவை போடவும் டைல்ஸ் வெட்டிக் கொடுக்கவும் ஹெல்பராகப் பாதிக் கூலிக்குப் போகிறான். இதைச் சொன்னால் கேஸ் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறான்.

குமாஸ்தா:
மறைக்க வேண்டாம். மேஸ்திரியாக இருந்தவர் ஹெல்பராகப் போகிறார் என்பதுதான் உங்கள் கேஸே. முன்பு என்ன வேலை, இப்போது எது முடியும், எது முடியாது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். மேலே எழுதியதைத் தம்பி சாட்சிக் கூண்டில் அப்படியே சொல்லட்டும். அவருக்கு வேலை கொடுத்த இன்ஜினியரோ கான்ட்ராக்டரோ வந்து சொன்னால் இன்னும் கனம். ஆபரேஷன் செய்த டாக்டரையும் விசாரிக்கச் சொல்லுங்கள்; கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, குந்த முடியுமா என்பது அவர் வாயிலிருந்து வர வேண்டும். சதவீதம் மட்டும் எழுதிய தாள் தொழிலைப் பற்றி எதுவும் பேசாது.

வருமானத்துக்கு வங்கி பாஸ்புக், ஜிபே வரவு, விபத்துக்கு முன்பே பதிந்திருந்தால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை எல்லாம் உதவும். எதுவும் இல்லாவிட்டாலும் மனு விழாது. 2014 சையது சாதிக் வழக்கில், ஆதாரம் காட்டாத காய்கறி வியாபாரிக்கு மாதம் 6,500 என்று உச்ச நீதிமன்றமே எடுத்துக்கொண்டது. அது 2008ல் நடந்த விபத்து.

சமாதானமே கூடாது என்று சொல்லவில்லை. 1,75,000 சொல்பவர்களிடம் உங்கள் வக்கீல் மல்டிப்ளையர் கணக்கை எழுதி நீட்டட்டும், பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும். படியவில்லை என்றால், சாட்சி முடிவதற்குள் டாக்டருக்குச் சம்மன் மனுப் போடச் சொல்லுங்கள்.