மறுமொழி: ‘ஆர்டினன்ஸ்’ – ஊரளவு ஆயுதச் சட்டங்களுக்கு எந்தச் சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஊர்கள் துப்பாக்கிக்கும் கத்திக்கும் விதித்த கட்டுப்பாடுகளின் வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், முதல் பத்தியிலேயே ‘ஆர்டினன்ஸ்’ (ஊர் மன்றம் இயற்றும் சட்டம்) வந்து வழிமறிக்கிறது. அதற்கும் அதையொட்டிய சில சொற்களுக்கும் தமிழில் என்ன எழுதுவது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை அந்த வரலாற்றோடு உரசிப் பார்த்தால் எது தேறும் என்று தெரிந்துவிடும்.

> அகராதிகளில் ‘அவசரச் சட்டம்’ என்றுதான் இருக்கிறது. நாளிதழ்களும் அப்படியே எழுதுகின்றன. பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

பழகியதுதான் சிக்கல், ஐயா. சட்டமன்றம் கூடாத நேரத்தில் ஆளுநரோ, நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் குடியரசுத் தலைவரோ பிறப்பிப்பதைத்தான் நாம் அவசரச் சட்டம் என்கிறோம். அதற்கு ஆயுள் குறைவு. அமெரிக்க ஊர் மன்றம் இயற்றுவதில் அவசரம் எதுவும் இல்லை. உறுப்பினர்கள் கூடி வாக்களித்து இயற்றுகிறார்கள், நீக்கும் வரை அது நிற்கும். இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் குரோவ் 1981இல் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கே தடை போட்டது. அந்தத் தடை 2008 வரை இருந்தது. 27 ஆண்டு நின்றதை ‘அவசரம்’ என்று எப்படி எழுதுவது?

> ‘துணைவிதி’ போதாதா? நகராட்சிகளுக்கு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்.

இது கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் துணைவிதி என்றதும் ஒரு தாய்ச் சட்டத்தின் கீழே விவரங்களை நிரப்பும் சிறு விதிதான் மனத்துக்கு வரும். அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரைப் பாருங்கள். வெள்ளிச் சுரங்கத்தால் திடீரென்று பெருத்த ஊர். 1881 ஏப்ரலில் அதன் மன்றம் 9ஆம் எண் ஆர்டினன்ஸை இயற்றியது: எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஊர் எல்லைக்குள் யாரும் கையிலோ உடம்பிலோ கொல்லும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. இப்போதுதான் ஊருக்குள் நுழைகிறவர், ஊரைவிட்டுக் கிளம்புகிறவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. ஆயுதத்தை ஒப்படைக்கவோ திரும்ப எடுக்கவோ நேராகப் போய்க்கொண்டிருந்தால் குற்றமில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று காலையில் ஐக் கிளாண்டன் என்பவரை இந்தச் சட்டத்தின் கீழ் பிடித்து 25 டாலர் அபராதம் போட்டார்கள். அன்று பிற்பகலே, அவருடைய தம்பியிடமும் மெக்லாரி சகோதரர்களிடமும் இருந்த ஆயுதங்களைப் பறிக்க ஊர்க் காவல் தலைவர் வர்ஜில் எர்ப் தன் தம்பிகளோடும் நண்பர் டாக் ஹாலிடேயோடும் கிளம்பினார். அரை நிமிடத்தில் மூன்று பேர் செத்தார்கள். ‘ஓ.கே. காரல் துப்பாக்கிச் சண்டை’ என்று இன்றும் பேசப்படுவது இதுதான். பழைய பகை, அரசியல் எல்லாம் அதில் உண்டு என்றாலும், சண்டைக்குச் சட்டக் காரணம் இந்த 9ஆம் எண்தான். அமெரிக்காவின் மேற்குப் பகுதி என்றால் அந்தக் காலத்தில் ஆளாளுக்கு இடுப்பில் துப்பாக்கியோடு அலைந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்; கன்சாஸின் டாட்ஜ் சிட்டியிலோ துப்பாக்கி ஏந்தக் கூடாது என்று ஊரில் பலகையே வைத்திருந்தார்கள். ஆளைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்தும் இப்படிப்பட்ட சட்டத்தைத் ‘துணைவிதி’ என்றால் எடை குறைகிறது.

என் பரிந்துரை ‘ஊர்ச்சட்டம்’. ‘நகர்ச்சட்டம்’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். மார்ட்டன் குரோவ் சட்டப்படி ஒரு ‘வில்லேஜ்’. அதன் சட்டத்தை நகர்ச்சட்டம் என்பது பொருந்தாது. ‘ஊர்’ என்றால் சிற்றூர், பேரூர், மாநகர் எல்லாம் அடங்கிவிடும். ‘சட்டம்’ என்ற பின்பாதி, மன்றம் வாக்களித்து இயற்றியது என்பதைக் காட்டும். ‘நகராணை’ என்ற பரிந்துரையை இதனால்தான் ஏற்கத் தயங்குகிறேன், ஆணை அதிகாரி போடுவது.

> ஊர்ச்சட்டம் என்றால் ஊர் இயற்றிய சட்டமா, ஊருக்காக இயற்றிய சட்டமா?

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான், அம்மா. பாஸ்டனை எடுத்துக்கொள்வோம். 1783இல் அங்கே வீடு, கொட்டகை போன்ற இடங்களில் குண்டும் மருந்தும் இட்ட துப்பாக்கியை வைத்திருக்கத் தடை வந்தது. வீட்டில் வைத்தால் 10 பவுண்டு அபராதம். காரணம் குற்றத்தடுப்பு இல்லை, தீ. ஊர் தீப்பற்றி எரியும்போது அணைக்க ஓடிவருபவர்கள்மேல் உள்ளே இருக்கும் துப்பாக்கி தானாக வெடித்துவிடும் என்ற பயம். இது பாஸ்டனுக்கு மட்டும் பொருந்திய சட்டம். ஆனால் இயற்றியது பாஸ்டன் அல்ல, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சட்டமன்றம். கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்ட, நியூயார்க்கின் 1911ஆம் ஆண்டு சல்லிவன் சட்டமும் மாநிலச் சட்டம்தான். நகரச் சட்டம் என்று பலர் தவறாக எழுதுகிறார்கள். எனவே, ‘ஊர் மன்றம் இயற்றியது மட்டுமே ஊர்ச்சட்டம்’ என்று வரையறையில் எழுதிவிடுவோம். பாஸ்டன் சட்டத்தை ‘ஊர்வரம்பு மாநிலச் சட்டம்’ என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், குழப்பம் இல்லை.

இந்த வேறுபாடு வெறும் சொல் நுணுக்கம் அல்ல. 2008இல் ஹெல்லர் வழக்கில் தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடையை உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் நீக்கியபோது, மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரையர் இந்தப் பாஸ்டன் சட்டத்தைத் துணைக்கு அழைத்தார். அது தீ விபத்துக்கான ஏற்பாடு, தற்காப்பைத் தடுப்பதற்கு அல்ல என்றார் பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய ஸ்காலியா. 2022இல் அதே நீதிமன்றத்தின் புரூவன் தீர்ப்பு வந்தபிறகு, இன்றைய கட்டுப்பாடு நிற்க வேண்டுமானால் பழைய மரபில் அதற்கு இணை காட்டியாக வேண்டும். அப்போதிருந்து வழக்கறிஞர்கள் பழைய ஊர்ப் பதிவேடுகளைத் தூசி தட்டுகிறார்கள். யார் இயற்றியது, எதற்காக இயற்றியது என்பதில்தான் வாதமே நடக்கிறது.

> ‘ஆயுதத் தடைவிதி’ என்று நேரடியாகவே சொல்லிவிடலாமே?

முடியாது. மார்ட்டன் குரோவுக்குப் பதிலடியாக ஜார்ஜியா மாநிலத்தின் கென்னசா 1982இல் ஓர் ஊர்ச்சட்டம் போட்டது: ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க வேண்டும்! மனச்சாட்சிப்படி மறுப்பவர்களுக்கும் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் விலக்கு இருப்பதால் அது பெரும்பாலும் அறிவிப்புப் பலகை மாதிரிதான். ஆனாலும் அதுவும் ஆர்டினன்ஸ்தான்.

சரி, அடுத்தது ‘பிரீஎம்ப்ஷன்’. ஒரு துறையில் சட்டமியற்றும் அதிகாரத்தை மாநிலம் தன்னிடமே வைத்துக்கொண்டு ஊர்களைத் தள்ளிவைப்பது. 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் துப்பாக்கி விஷயத்தில் ஏதோ ஒரு வடிவில் இது உண்டு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசமைப்பின் இரண்டாம் திருத்தத்தால்தான் ஊர்ச்சட்டங்கள் விழுந்தன என்று எழுதுகிறோம். சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 2005இல் கொண்டுவந்த கைத்துப்பாக்கித் தடை விழுந்ததோ கலிபோர்னியாவின் மாநிலச் சட்டத்தால், அதுவும் ஹெல்லர் தீர்ப்புக்கு முன்பே. புளோரிடா இன்னும் ஒரு படி மேலே போய், தெரிந்தே மீறும் ஊர் அதிகாரிகளுக்கு 5,000 டாலர் வரை அபராதம் என்று 2011இல் வைத்தது. கொலராடோ எதிர்த்திசையில் போனது. போல்டர் நகரம் 2018இல் போட்ட தாக்குதல் துப்பாக்கித் தடையை 2021 மார்ச் 12 அன்று ஒரு நீதிபதி, மாநிலச் சட்டத்தைக் காட்டிச் செல்லாது என்றார். 10 நாள் கழித்து அங்கே ஒரு கடையில் 10 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொன்றவன் துப்பாக்கி வாங்கியது பக்கத்து ஊரில். ஆகவே போல்டரின் தடை இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் சில மாதங்களில் மாநிலம், துப்பாக்கிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஊர்களுக்கே திருப்பித் தந்தது.

இதற்கு வந்த சொற்களில் ‘மேற்சட்டத் தடை’ பொருள் சரிதான்; ‘துப்பாக்கித் தடைக்கு மேற்சட்டத் தடை’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். ‘முற்றுரிமை’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சில மாநிலங்களில் இது பகுதியளவே, ‘பகுதி முற்றுரிமை’ என்றால் தன்னைத்தானே மறுக்கும். ‘அதிகாரப் பறிப்பு’ ஒரு பக்கம் சாய்கிறது. ‘மேலுரிமை’ என்று வைத்தால் முழு மேலுரிமை, பகுதி மேலுரிமை, வெளிப்படை மேலுரிமை, உட்கிடை மேலுரிமை என்று கிளைகள் தடங்கலின்றி வருகின்றன. ‘முன்னுரிமை’யோடு குழம்புமோ என்ற கவலை இருந்தால் முதல் இடத்தில் ‘சட்ட மேலுரிமை’ என்று எழுதிக்கொள்ளலாம்.

‘ஃபயர்ஆர்ம்’ பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஈழத்து நண்பர்கள் ‘சுடுகலன்’ என்றே எழுதுகிறார்கள்; அதை எடுத்துக்கொள்வோம். டூம்ஸ்டோன் சட்டம் போல கத்தியும் சேரும் இடங்களில் மட்டும் ‘ஆயுதம்’.

அப்புறம், ‘ஹோம் ரூல்’ மிச்சம் இருக்கிறது. ‘தன்னாட்சி’ என்றால் அன்னி பெசன்ட் இயக்கம் நினைவுக்கு வருகிறது, இங்கே பொருள் ஓர் ஊர் தன் காரியங்களுக்குத் தானே சட்டமியற்றும் அதிகாரம். ‘ஊராட்சி உரிமை’ என்று ஒருவர் எழுதினார், ஆனால் ‘ஊராட்சி’ ஏற்கெனவே பஞ்சாயத்துக்குப் போய்விட்டது. வேறு யோசனை இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.