வின்ரர் ஃபியூவல் 35,000 வரம்பு: ஆளுக்கா, வீட்டுக்கா?

வடமராட்சியான்:
லண்டன் ஹரோவில் நேற்று நடந்த ஒரு முதியோர் ஒன்றுகூடலில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "வின்ரர் ஃபியூவல் காசுக்கு 35,000 பவுண் வரம்பு மிக நியாயமானது, அதற்கு மேல் வருமானம் உள்ளவர் குறை சொன்னால் அது பேராசை" என்று முழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். எழும்பிப் பதில் சொல்ல நேரம் தரவில்லை. ஆகவே இந்த இணையக் களத்தில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: குளிர்காலத்தில் பென்சன்காரர் வீட்டைச் சூடாக்கப் பிரித்தானிய அரசு கொடுக்கிற காசு இது. 1997 இல் அப்போதைய நிதியமைச்சர் கோர்டன் பிரவுண் தொடங்கியது. வீட்டுக்கு 200 பவுண், 80 வயதானவர் இருந்தால் 300. பல வருடங்களாக வருமானம் பார்க்காமல் கொடுத்தார்கள். 2024 இல் ரேச்சல் ரீவ்ஸ் நிதியமைச்சராக வந்து, பென்சன் கிரெடிட் (வருமானம் குறைந்த பென்சன்காரருக்கான உதவி) போன்ற உதவி எடுப்பவர்களுக்கு மட்டும் என்று வெட்டினார். சனம் கொதித்தது. 2025 யூனில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும், ஓர் ஆளின் ஆண்டு வருமானம் 35,000 என்று ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார்கள். கோட்டைத் தாண்டியவரிடம் வரிக்காரர் பிறகு பிடித்துக்கொள்வார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கணவனுக்கு 34,000, மனைவிக்கு 34,000. வீட்டுக்கு 68,000. ஆளுக்கு 100 ஆக முழு 200 உம் அவர்களுக்கு. பக்கத்து வீட்டில் கணவனை இழந்த பெண், வருமானம் 36,000. அவவுக்கு ஒரு சதமும் மிஞ்சாது. மைக் பிடித்தவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நெடுந்தீவான்:
அண்ணை, பதில் மிக எளிது. இந்த நாட்டில் 1990 இலிருந்து கணவனுக்கும் மனைவிக்கும் வரி வேறு வேறு. வரி மூலம் திருப்பி எடுக்கிற எந்த உதவியும் ஆளைப் பார்த்துத்தான் நடக்கும். பிள்ளைகளுக்காகக் கொடுக்கிற சைல்ட் பெனிஃபிட்டைப் பாருங்கள். 2013 இல் ஒருவர் 50,000 தாண்டினால் பிடிக்கத் தொடங்கினார்கள், 2024 இல் அதை 60,000 ஆக்கினார்கள். அங்கும் இரண்டு பேரையும் கூட்டுவதில்லை. வீட்டு அடிப்படைக்கு மாற்றுவோம் என்று அப்போதைய நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் 2024 மார்ச்சில் சொன்னார். பிறகு வந்த அரசு அதே வருடம் கைவிட்டது.

இன்னொன்று. முழு அரச பென்சன் 2025-26 இல் ஆண்டுக்கு 11,973 பவுண். நீங்கள் சொல்லும் பெண் அதைப் போல் மூன்று மடங்கு எடுக்கிறார். அவவுக்காக என்னால் கண்ணீர் விட முடியாது.

வடமராட்சியான்:
கண்ணீர் யார் கேட்டது? 68,000 க்குக் கொடுத்து 36,000 க்கு மறுப்பது ஏன் என்று கேட்டேன். 1990 கதை வேண்டாம். கரண்ட் பில் ஆளுக்கா வருகிறது? ஒரு வீட்டுக்கு ஒரு பில். 2025 ஒக்ரோபரில் எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் வைத்த உச்ச விலையில் சாதாரண வீட்டுக்குக் காஸும் கரண்டும் சேர்த்து ஆண்டுக்கு 1,755 பவுண். தனியாக இருக்கிறா என்பதற்காக ஹோலில் ஹீற்றர் பாதி எரியுமா?

நெடுந்தீவான்:
36,000 என்று எதைச் சொல்கிறீர்கள்? வரிக்கு முந்திய தொகையா, கையில் வருவதா? வாடகை, வங்கி வட்டி எல்லாம் சேர்த்தா? வரியில்லாத சேமிப்பான ஐசாவின் வட்டி இந்தக் கணக்கில் வராது, பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கான அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் வராது. முதலில் அதைத் தெளிவாகச் சொன்னால் கதைக்கலாம்.

வடமராட்சியான்:
கணக்காளர் வேலையை ஒபிஸில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கில் எடுத்தாலும் 68 பெரிதா 36 பெரிதா?

தென்மராட்சியாள்:
இரண்டு பேரும் 36,000 ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வயதானவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிற அம்மாமாருக்கு 36,000 என்றால் கனவு. 2024 குளிருக்கு வரம்பு எங்கே இருந்தது தெரியுமா? தனியாளுக்குக் கிழமைக்கு 218.15 பவுண். அதுதான் பென்சன் கிரெடிட்டின் கோடு. சின்ன ஒரு கம்பனிப் பென்சன் சேர்ந்ததால் சில பவுண் கூடிப் போனவர்களுக்குப் பென்சன் கிரெடிட்டும் இல்லை, வின்ரர் ஃபியூவலும் இல்லை. உரித்து இருந்தும் கேட்காமலே விட்டவர்கள் இன்னும் பாவம். பெரிய படிவம், ஆங்கிலம், பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வெட்கம்.

வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்று கரண்ட் பில்லில் கழிக்கிற 150 பவுண் வேறு இருக்கிறது. அதற்குப் பில்லில் தங்களின் பெயரோ துணையின் பெயரோ இருக்க வேண்டும். மகன் வீட்டில் இருக்கிற அம்மாவின் பெயர் எந்தப் பில்லில் இருக்கும்? பென்சன் கிரெடிட் எடுத்தும் அந்த 150 கிடைக்காத எத்தனை பேரை நான் பார்க்கிறேன். இதைப் பற்றி ஒருவரும் இங்கே விவாதத் திரி தொடங்கவில்லை.

நெடுந்தீவான்:
அக்கா, நன்றி, நல்ல இடத்தில் கொண்டு வந்தீர்கள். வடமராட்சியான் அண்ணை "ஒரு வீட்டுக்கு ஒரு பில்" என்கிறார். சரி, வீட்டு வருமானத்தைப் பார்ப்போம். எங்கட சனத்தில் எத்தனை அம்மா அப்பா மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கிறார்கள்? மகன் 50,000, மருமகள் 40,000. வீட்டு வருமானம் என்று போட்டால் அந்த அம்மாவுக்கு ஒன்றும் வராது. இன்றைக்கு ஆளைப் பார்ப்பதால்தான் அவவின் பெயருக்கு வருகிறது. அண்ணையின் நியாயம் எங்கட ஆக்களைத்தான் முதலில் வெட்டும்.

வடமராட்சியான்:
நான் கணவன் மனைவியைச் சொன்னேன். மகனை எங்கே சொன்னேன்?

நெடுந்தீவான்:
"ஒரு வீட்டுக்கு ஒரு பில்" என்று எழுதியது யார்? மேலே இருக்கிறது, போய்ப் பாருங்கள். பில் கட்டுவது மகன். அப்போ மகனின் சம்பளமும் சேரும்.

வடமராட்சியான்:
சொல்லைப் பிடித்துத் தொங்காதீர்கள். தம்பதி என்றால் வீடு, வீடு என்றால் தம்பதி. எல்லோருக்கும் விளங்கிவிட்டது, உங்களுக்கு மட்டும் விளங்கவில்லை. 68,000 க்கு 200. 36,000 க்கு பூச்சியம்.

ஸ்காபரோப் பக்கம்:
எங்கட ஒன்ராறியோவில் மின்கட்டண உதவிக்கு வரி கழித்த பிறகான வீட்டு வருமானத்தையும், வீட்டில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆட்கள் கூடினால் வரம்பும் கூடும். 2016 இலிருந்து நடக்கிறது. அங்கே ஏலும் என்றால் லண்டனில் ஏன் ஏலாது? வெள்ளைக்காரன் மூளையில் குறையா?

நெடுந்தீவான்:
ஒன்ராறியோவில் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். இங்கே பெரும்பாலானவர்களுக்குத் தானாக வங்கிக்கு வருகிறது. விண்ணப்பம் வைத்தால் என்ன நடக்கும் என்று அக்கா மேலே எழுதியிருக்கிறார். கனடாக்காரர் எல்லாத் திரியிலும் வந்து ஒன்ராறியோவைக் காட்டாமல் இருந்தால் நல்லது.

ஸ்காபரோப் பக்கம்:
பொறாமைக்கு மருந்து இல்லை.

இல்ஃபோர்ட் பெடியன்:
ஐயாமாரே, எனக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, வருமானம் 34,000. எனக்கு 200 பவுண் யாரும் தரவில்லை. 35,000 என்பது வேலை செய்பவரின் சராசரிச் சம்பளத்துக்குக் கிட்ட என்று அரசே சொல்கிறது. வீட்டுக்கடன் முடித்து, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து, 34,000 எடுக்கிற ஒருவருக்கு நான் கட்டுகிற வரியில் ஹீற்றர் போட வேண்டுமா? பழைய பென்சன் கிரெடிட் வரம்பைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் போதும். ஒன்பது மில்லியன் பேருக்குக் கொடுத்திருக்கத் தேவையில்லை.

வடமராட்சியான்:
தம்பி, 1983 கலவரத்துக்குப் பிறகு ஒரு சூட்கேசோடு வந்து பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்தவர்கள் நாங்கள். நாற்பது வருடம் சம்பளத்தில் நாஷனல் இன்சூரன்ஸ் கட்டினோம். எங்கட காசைத்தான் திருப்பிக் கேட்கிறோம்.

இல்ஃபோர்ட் பெடியன்:
நான் 2009 இல் வந்தேன். நானும் இரவு வேலைதான் செய்தேன். அதற்காக யாரிடமும் கணக்குக் காட்டவில்லை.

சரி, ஒரு கேள்வி. 2025 செப்ரெம்பர் 15 முதல் 21 வரையான கிழமையில் இங்கே வசித்திருந்தால் போதும், அந்தக் குளிருக்கான காசு வரும். பிறகு நவம்பரில் விமானம் ஏறி, தை, மாசி எல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு, பங்குனியில் வருகிற ஆட்கள் எத்தனை பேர்? லண்டன் வீட்டில் ஹீற்றர் நிறுத்திக் கிடக்கும். நல்லூரில் ஃபான் சுற்றும். காசு வங்கியில்.

வடமராட்சியான்:
யாரைச் சொல்கிறீர் என்று தெரிகிறது. வாழ்நாள் முழுக்க உழைத்தவர் மூன்று மாதம் ஊரில் போய் நின்றால் உமக்கு என்ன நோகிறது? எனக்கு மூட்டு வலி. வைத்தியரே சூடான இடத்துக்குப் போகச் சொன்னார்.

தென்மராட்சியாள்:
தம்பி சொன்னது பிழையான கதை இல்லை, ஆனால் அப்படிப் போகக்கூடியவர்கள் கொஞ்சப் பேர். என்னிடம் வருகிறவர்கள் கோட்டோடு கட்டிலில் இருக்கிறார்கள். வரம்பைப் பற்றிக் கதைப்பதென்றால் அடியில் இருக்கிற வரம்பைக் கதையுங்கள். 2025-26 இல் பென்சன் கிரெடிட் கோடு கிழமைக்குத் தனியாளுக்கு 227.10, தம்பதிக்கு 346.60. தெரிந்த வயதானவர் ஒருவரை அழைத்துப் பார்த்துக் கொடுங்கள். இங்கே எழுதுகிற நேரத்தில் ஒரு படிவம் நிரப்பலாம்.

நெடுந்தீவான்:
அக்கா சொல்வதில் ஒன்றைக் கவனியுங்கள். பென்சன் கிரெடிட்டில் தம்பதியைக் கூட்டித்தான் பார்க்கிறார்கள். அண்ணை கேட்கிற முறை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதன் பலன் என்ன? நீண்ட படிவம், உரித்திருந்தும் கேட்காத சனம். அதனால்தான் ஆளுக்கு ஆள் என்பது நல்லது என்கிறேன்.

வரம்பைத் தாண்டினால் முழு வீட்டுக்கும் போகாது என்பதையும் அண்ணை சொல்லவில்லை. கணவன் 60,000, மனைவிக்கு அரச பென்சன் மட்டும் என்றால், கணவனின் 100 ஐத்தான் திருப்பி எடுப்பார்கள். மனைவியின் 100 அவவிடம் இருக்கும்.

வடமராட்சியான்:
பார்த்தீர்களா, நீங்களே என் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறீர்கள்! 60,000 எடுக்கிறவரின் வீட்டுக்கு 100. 36,000 எடுக்கிற தனிப் பெண்ணுக்கு பூச்சியம். இதைவிட என்ன வேண்டும்? அதுவும் ஒரு பவுண் தாண்டினால் முழுதும் போகிறது. 35,001 எடுத்தவர் 200 ஐயும் இழக்கிறார். படிப்படியாகக் குறைக்கத் தெரியாதா? சைல்ட் பெனிஃபிட்டில் படிப்படியாகத்தானே குறைக்கிறார்கள்? அதை ஏன் நீங்கள் எழுதவில்லை?

நெடுந்தீவான்:
200 பவுணைப் படிப்படியாகக் குறைப்பது தேவையில்லாத சிக்கல். பிரெக்சிற் காலத்தில் இதே இடத்தில் நீங்கள் எழுதியவை எனக்கு மறக்கவில்லை. அப்போதும் ஒரு எண்ணைப் பிடித்தால் விடவில்லை.

வடமராட்சியான்:
பிரெக்சிற்றை இழுத்தால் கையில் பதில் இல்லை என்று அர்த்தம். அந்தத் திரியில் யார் பாதியில் ஓடினார் என்று நிர்வாகிகளுக்குத் தெரியும்.

ஸ்காபரோப் பக்கம்:
நெடுந்தீவான் தான் ஓடினார். நான் பார்த்தேன்.

நெடுந்தீவான்:
ஓடவில்லை, மகளின் கலியாணம். உங்களுக்கும் அழைப்பு அனுப்பினேன், பதில்கூடப் போடவில்லை.

இல்ஃபோர்ட் பெடியன்:
வரிக் குறியீடு (ரக்ஸ் கோட்) மாறி, கொடுத்த காசை மாதம் மாதம் திருப்பிப் பிடிக்கும்போது தெரியும் யார் யார் 35,000 தாண்டினவர்கள் என்று. அப்போது இங்கே புதுத் திரி வரும்.

வடமராட்சியான்:
வரட்டும். நான் எம்பிக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அதில் இரண்டே வரி. 68,000 க்கு 200. 36,000 க்கு பூச்சியம். நெடுந்தீவானுக்குத் துணிவிருந்தால் வருகிற ஞாயிறு ஹரோவுக்கு வரட்டும், அந்த மைக் பிடித்தவரையும் கூட்டி வரட்டும்.

நெடுந்தீவான்:
ஞாயிறு எனக்கு வேலை. சனி வைத்தால் வருவேன். வரும்போது அந்தப் பெண்ணின் 36,000 எந்தக் கணக்கு என்று எழுதிக் கொண்டு வாருங்கள்.